ஐப்பசி மழைக்கு முன்னால் டெங்குவுக்கு வீட்டைத் தயார் செய்வது: தொட்டி முதல் காய்ச்சல் நோட்டு வரை

மாடிவீடு_கொளத்தூர் · செப்டம்பர் 27, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள வீடு. மொட்டை மாடியில் 1000 லிட்டர் கறுப்பு சின்டெக்ஸ் இரண்டு. கீழே சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி, 2 மீட்டர் நீளம், 1.5 அகலம், 1.5 ஆழம்). பின்பக்கம் புழங்காத கிணறு. ஆறு பேர் இருக்கிறோம். பெரியவர்கள் இருவருக்கும் 70-க்கு மேல், அதில் ஒருவருக்குச் சர்க்கரை. சின்னவனுக்கு 4 வயது, 15 கிலோ.

மழை பிடிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. டெங்கு வருவதைத் தடுக்க என்ன செய்யவேண்டும், மீறி வந்தால் வீட்டில் என்ன இருக்கவேண்டும்? பொதுவான அறிவுரை நிறையப் படித்தாயிற்று. அளவோடு, வேலை வேலையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

புழுத்தேடி · செப்டம்பர் 27, இரவு 10.40

மூன்று வாரம் தாராளம். ஆனால் தொடங்கும்போதே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். "தண்ணியைக் கொட்டிட்டோம்" என்று நிறுத்துகிற இடத்தில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டை இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் உட்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். கறுப்பாக, கடுகில் பாதிகூட இராது. பார்த்தால் தூசி என்றே நினைப்போம். டிரம்மைக் கவிழ்த்துக் காயவைத்தாலும் அந்த முட்டை சாகாது, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மழை பெய்து தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டதும் புழு வெளியே வந்துவிடும். கோடை முழுக்கக் காலியாகக் கிடந்த டிரம்மில் முதல் மழைக்கு ஒரே வாரத்தில் கொசு வருவது இப்படித்தான்.

அதனால் கொட்டுவது பாதி வேலை. மீதி, சுவரைத் தேய்ப்பது. தேங்காய் நார் அல்லது கெட்டியான பிரஷ், கொஞ்சம் சோப்புத்தூள். தண்ணீர் வழக்கமாக நிற்கும் கோட்டிலிருந்து ஒரு சாண் மேலே, ஒரு சாண் கீழே, வட்டமாக அழுத்தித் தேய்க்கவேண்டும். கழுவிய தண்ணீரை வெயில் படும் வெறும் மண்ணில் ஊற்றுங்கள். இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினால் முட்டையும் கூடவே இடம் மாறும்.

வாரம் ஒருமுறை ஏன் என்றால், நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரிந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். ஏழு நாளுக்கு ஒருமுறை சங்கிலியை அறுத்தால் ஒன்றுகூடப் பறக்காது. பத்து நாளுக்கு ஒருமுறை செய்தால் செய்யாததற்குச் சமம். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்துக்கொள்ளாமல் ஒரு கிழமையைக் குறித்துவிடுங்கள்.

புழு இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு முறை உண்டு. மூடியைத் திறந்து டார்ச் அடித்ததும் நிழல் பட்டு எல்லாம் அடியில் போய்விடும். உடனே மூடிவிட்டு "ஒன்னும் இல்லை" என்பார்கள். வெளிச்சத்தை ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, அசையாமல் ஒன்றிரண்டு நிமிடம் நில்லுங்கள். மூச்சு வாங்க மேலே வந்தே தீரவேண்டும். தலை கீழாக, சாய்வாகத் தொங்கும். நெளிந்து நெளிந்து மேலும் கீழும் போகும். கமா வடிவில் சுருண்டு உருள்வது கூட்டுப்புழு. அதைப் பார்த்துவிட்டால் ஓரிரு நாளில் கொசு பறக்கும், அன்றைக்கே கொட்டவேண்டும்.

மறந்துபோகும் இடங்கள்: ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டு. ஆட்டுக்கல் குழி, உரல். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. மணிபிளான்ட் பாட்டில். ஏ.சி. தண்ணீர் பிடிக்கும் பக்கெட். பறவைக்கு வைக்கும் கிண்ணம். சன்ஷேடு மேல் குப்பை அடைத்து நிற்கும் தண்ணீர். தார்ப்பாய் மடிப்பு. இளநீர்க் கூடு, கொட்டாங்குச்சி. பிறகு, அநேகமாக யாருமே பார்க்காத ஒன்று: மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியின் வடிகட்டி அறை. ஜல்லி அடைத்துக்கொண்டால் அதில் தண்ணீர் இறங்காமல் வாரக்கணக்கில் நிற்கும். ஜல்லியை எடுத்து அலசி மறுபடி போடுங்கள், மழைக்கு முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை.

ஃபிரிட்ஜ் தட்டுக்கு: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டு கழலாவிட்டால் பழைய ஸ்பாஞ்சால் தண்ணீரை ஒற்றி எடுத்து, ஓரத்தைத் தேய்த்துவிட்டு, ஒரு சிட்டிகை சோப்புத்தூளைப் போட்டுவிடுங்கள்.

---

குழாய்வேலை_மதுரை · செப்டம்பர் 28, காலை 7.05

தொட்டி பத்தி நான் சொல்றேங்க. சின்டெக்ஸ்ல மூடி மட்டும் பார்த்தா போதாது, மூணு வழி இருக்கு.

ஒண்ணு மூடி. வெயில்ல உளுத்து, மரை தேஞ்சு, சும்மா மேல உக்காந்திருக்கும். காத்துக்குப் பறந்துரும்னு செங்கல் வச்சிருப்பாங்க. செங்கல் பாரத்துல மூடி நடுவுல குழிஞ்சு, அந்தக் குழியிலயே மழைத்தண்ணி நிக்கும். புது மூடி தனியா கெடைக்கும். தொட்டி கம்பெனியும் லிட்டரும் சொல்லி வாங்குங்க, வாய் அளவு கம்பெனிக்கு கம்பெனி மாறும். மூடி கெடைக்கிற வரைக்கும் துணி கட்டுறதுன்னா ரெண்டு மடிப்பு காடாத்துணி, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டணும். துணி தொய்ஞ்சு தண்ணியைத் தொடக்கூடாது. தொட்டா அந்த ஈரத்துணியிலயே கொசு முட்டை வைக்கும்.

ரெண்டாவது ஓவர்ஃப்ளோ குழாய். இதுதான் திறந்த கதவு. நைலான் வலையைக் கட்டினா ஒரு கோடைக்கு மேல தாங்காது, பொடிப்பொடியா போயிடும். ஹார்டுவேர் கடையில எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) கொசுவலை கேளுங்க, இஞ்சுக்கு 16 கண்ணு. குழாய் வாயை விட சுத்தி ரெண்டு இஞ்சு பெருசா வெட்டி, வெளிப்பக்கமா மடிச்சு, ஹோஸ் கிளிப் போட்டு முறுக்குங்க. அதைவிடப் பொடிக்கண்ணு வேணாம். பாசி அடைச்சுக்கும், அப்புறம் தண்ணி மூடியைத் தூக்கிட்டு வழியும். கை எட்டுற இடத்துலதான் வலை இருக்கணும், மாசம் ஒருதடவ டூத் பிரஷால தட்டிவிடணும்.

மூணாவது காத்துக்குழாய் இருந்தா அதுக்கும் அதே வலை.

சம்ப் மூடியில எல்லாரும் விடுற தப்பு, மூடி தூக்க கொக்கி மாட்டுற ஓட்டை. விரல் போற ஓட்டைல கொசு போகாதா? ரப்பர் கார்க் அடிங்க. மூடி விளிம்புல சைக்கிள் டியூபை நீளவாக்குல வெட்டி ஒட்டினா இடுக்கு அடைஞ்சிரும். ஃப்ளோட் வால்வையும் பாத்துருங்க. அது கெட்டுப்போயி ராத்திரி பூரா வழிஞ்சா சன்ஷேடுல தண்ணி நிக்கும், மேல அவர் சொன்ன கதை அங்க தொடங்கும்.

---

மாடிவீடு_கொளத்தூர் · செப்டம்பர் 28, காலை 11.30

இரண்டு பேருக்கும் நன்றி. மூன்று கேள்வி. மாநகராட்சிப் பணியாளர்கள் சம்பில் ஊற்றும் மருந்தைக் குடிநீரில் விடலாமா? பிளீச்சிங் பவுடர் போட்டாலே புழு செத்துவிடாதா? கிணற்றை என்ன செய்வது?

---

புழுத்தேடி · செப்டம்பர் 28, பிற்பகல் 2.15

அவர்கள் ஊற்றுவது டெமிஃபாஸ், அபேட் என்று சொல்வோம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவுக்குள் குடிநீர்த் தொட்டியில் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்ட மருந்து. அளவு தெரிந்தவர் ஊற்றட்டும், வீட்டில் வாங்கிவைத்து நீங்களே ஊற்றவேண்டாம். தடுத்துத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். ஆனால் தொட்டியைக் காலி செய்து நிரப்பினால் மருந்தும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். சுவரில் உள்ள முட்டைக்கும் அது பதில் இல்லை.

பிளீச்சிங்: கிருமியைக் கொல்லப் போடும் அளவில் புழு சாகாது. புழு சாகும் அளவுக்குப் போட்டால் அந்தத் தண்ணீரை நாம் குடிக்கமுடியாது. அது வேறு நோய்களுக்கான ஆயுதம். தெருவோரம் கோலம்போல் தூவுவதால் டெங்குவுக்கு எந்தப் பயனும் இல்லை.

கிணறு: கப்பி மீன் விடுங்கள். சுகாதாரத் துறையில் கேட்டால் பல இடங்களில் தருவார்கள். இல்லையென்றால் இரும்புச் சட்டத்தில் வலை அடித்து மூடுங்கள். மண்ணெண்ணெயும் கழிவு எண்ணெயும் கிணற்றில் வேண்டாம், நிலத்தடி நீர் கெடும்.

புகை அடிப்பதை நம்பி இருக்காதீர்கள். அது அந்த நேரம் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலுக்கடியில், தொங்கும் துணிக்குப் பின்னால், பீரோ இடுக்கில் உட்காரும் கொசு. தெருவில் புகை வரும்போது நாம் சன்னலைச் சாத்திவிடுகிறோம்.

இன்னொன்று. இது பகலில் கடிக்கும் கொசு. விடிந்து இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய நேரமும் உச்சம். இரவு பத்து மணிக்கு லிக்விட் மெஷினைப் போட்டுக் காலை ஆறுக்கு அணைக்கிற பழக்கம் இதற்கு நேர் எதிர். காலை ஆறு முதல் ஒன்பது வரையும் மாலை நாலு முதல் ஏழு வரையும் ஓடட்டும். சின்னவன் பகலில் தூங்கினால் வலைக்குள்தான். பூசும் களிம்பை முழங்கை, கணுக்கால், பின்கழுத்தில் தடவுங்கள். முகத்திலும் விரலிலும் வேண்டாம், குழந்தை கையை வாயில் வைக்கும்.

---

மருந்துக்கடை_சேலம் · செப்டம்பர் 28, இரவு 8.50

வாங்கி வைக்க வேண்டியது அதிகம் இல்லை. வாங்கக்கூடாததுதான் அதிகம்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு (ஒன்றில் பேட்டரி போகும்). ஓ.ஆர்.எஸ். பொடி, ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட் பத்து. பாரசிட்டமால் 500 மி.கி. இரண்டு அட்டை. குழந்தைக்கு பாரசிட்டமால் சிரப், ஒரே ஒரு வீரியம். மி.லி. கோடு போட்ட சிரிஞ்சு, ஊசி இல்லாமல். கையில் கட்டும் பி.பி. மெஷின் இருந்தால் நல்லது. ஏன் என்று நர்ஸ் அக்கா சொல்வார்.

சிரப்பில்தான் தவறு நடக்கிறது. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. இரண்டும் ஒரே மாதிரிப் பாட்டில். குழந்தைக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 15 கிலோ பையனுக்கு 150 முதல் 225 மி.கி. வரை. 120 சிரப்பில் அது 6 முதல் 9 மி.லி. 250 சிரப்பில் 3 முதல் 4.5 மி.லி. பாட்டில் மாறி, பழைய அளவையே ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். மூடியிலேயே பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஆறு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் இல்லை. சளிக்கு விற்கும் கூட்டு மாத்திரை, கூட்டு சிரப் பலவற்றுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஈரல் தாங்காது.

வீட்டில் இருந்தால் எடுத்துத் தனியாகப் பூட்டவேண்டியவை: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், மெஃபனாமிக் ஆசிட், ஆஸ்பிரின், இவை கலந்த கூட்டு மருந்துகள். குழந்தைகளுக்குக் "காய்ச்சல் சட்டென்று இறங்க" என்று மெஃபனாமிக் கலந்த சிரப் நிறையப் பேர் கேட்டு வாங்குகிறார்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை வேண்டாம். இரைப்பையைப் புண்ணாக்கும், ரத்தக்கசிவை அதிகமாக்கும். "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று டைக்ளோஃபினாக் ஊசிக்கும் ஸ்டீராய்டுக்கும் போகாதீர்கள். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுக்கும் பெரியவர் இருந்தால், நீங்களாக நிறுத்தாமல் காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொடியில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9 என்று இருக்கவேண்டும். அட்டைப்பெட்டியில் ஜூஸ் மாதிரி விற்றவற்றில் பலவற்றில் சர்க்கரைதான் அதிகம். 2025 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அந்தப் பானங்கள் பெயரில் "ஓ.ஆர்.எஸ்." என்று போடக்கூடாது என்று உத்தரவிட்டது. பெரிய பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கலக்காதீர்கள், உப்பு ஒரு பக்கம் தங்கியிருக்கும். முழுதாக ஒரு லிட்டரில் கலக்கி 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

---

கேள்விக்குறி · செப்டம்பர் 28, இரவு 9.34

நிலவேம்புக் குடிநீர் பற்றி யாரும் சொல்லவில்லையே? பப்பாளி இலைச் சாறு? முன்கூட்டியே ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் வாங்கி வைக்கலாமா?

---

வார்டு_நர்ஸ் · செப்டம்பர் 28, இரவு 11.20

ஆன்டிபயாடிக் வேண்டாம். இது வைரஸ், அது வேலை செய்யாது.

நிலவேம்புக் குடிநீர் அரசு சித்தா பிரிவுகளிலேயே கொடுக்கிறார்கள். 2012-ல் தமிழ்நாட்டில் பதிவான டெங்கு 12,000-ஐத் தாண்டியபோது பரவலாக வந்தது. நிலவேம்பு, பற்படாகம், வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு. குடிக்க விரும்புகிறவர் சித்த மருத்துவர் சொல்லும் அளவில் குடிக்கட்டும். ஆனால் அதைக் குடித்ததால் தண்ணீர் குறையக்கூடாது, ரத்தப் பரிசோதனை தள்ளிப்போகக்கூடாது. வாந்தி எடுக்கும் வயிற்றில் கசப்பைத் திணித்து, உள்ளே போன கஞ்சியும் வெளியே வந்தால் நஷ்டம்தான். பப்பாளி இலையும் அப்படியே. எல்லோரும் அதைத் தட்டணு (பிளேட்லெட்) ஏறுவதற்காகக் கொடுக்கிறார்கள். டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் தட்டணு குறைவதல்ல. ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்து, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுவதுதான்.

அதனால் நான் கேட்கும் முக்கியமான சாமான் ஒரு நாற்பது பக்க நோட்டு. காய்ச்சல் வந்தவருக்குத் தனிப்பக்கம். கட்டங்கள்: நேரம், வெப்பம், கொடுத்த மருந்து (மி.கி.யில்), குடித்தது (மி.லி.யில்), சிறுநீர் போன நேரம், வாந்தி. வீட்டில் ஒரு டம்ளரைத் தனியாக ஒதுக்கி அது எத்தனை மி.லி. என்று அளந்துவையுங்கள். "நல்லாத்தான் குடிச்சார்" என்பது மருத்துவருக்கு உதவாது. "காலையிலிருந்து 900 மி.லி., சிறுநீர் இரண்டு தடவை" என்பது உதவும்.

நாள் எண்ணுவதில் குழப்பம் வரும். காய்ச்சல் தொடங்கிய நாள்தான் முதல் நாள், மருத்துவரைப் பார்த்த நாள் அல்ல. செவ்வாய் இரவு சுட்டால் செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு. நோட்டின் முதல் வரியில் இதைப் பெரிதாக எழுதுங்கள்.

முதல் மூன்று நாள் சுடும், உடம்பு முறித்துப்போடும், கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். பயமுறுத்தும் நாள் அது. ஆபத்தான நாள் பிறகு வருகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். பாரசிட்டமால் இல்லாமலே 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வந்து நிற்கும். வீடே நிம்மதியாகும், "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். நீர் கசிவது அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான். காய்ச்சல் விட்டு உடம்பும் தேறி, பசி எடுத்து, விளையாட ஆரம்பித்தால் நல்லது. காய்ச்சல் விட்டும் சோர்வு அதிகமானால் உடனே கிளம்பவேண்டும்.

கிளம்பவேண்டிய அறிகுறிகளை நோட்டின் அட்டையில் ஒட்டுங்கள்: விடாத வயிற்று வலி. ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் வாந்தி. பல் ஈறு, மூக்கில் ரத்தம், கறுப்பாக மலம், பெண்களுக்கு மிகையான மாதவிடாய். கை கால் சில்லிட்டுப் போவது. தூங்கி வழிவது, அல்லது காரணமில்லாமல் அரற்றிக்கொண்டே இருப்பது. நாலு முதல் ஆறு மணி நேரம் சிறுநீர் போகாதது. இதில் ஒன்று போதும், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆலோசனைக்கு 104.

பி.பி. மெஷினில் மேல் எண்ணை மட்டும் பார்த்து "100 இருக்கு, பரவாயில்லை" என்று விடாதீர்கள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். 100-க்கு 80 என்றால் இடைவெளி 20. அது அதிர்ச்சி நிலை (ஷாக்), பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. மெஷின் இல்லையென்றால் விரல் நகத்தை வெளுக்கும்வரை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பவேண்டும். நல்ல வெளிச்சத்தில், நெயில் பாலிஷ் இல்லாத விரலில் பாருங்கள்.

குடிக்க: கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ்., பால். பெரியவருக்கு நாளைக்கு ஐந்து பெரிய டம்ளருக்குக் குறையக்கூடாது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் உப்பு குறையும். வாந்தி இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன், டம்ளரோடு கொடுத்தால் அப்படியே திரும்பும். பீட்ரூட், மாதுளை போன்ற சிவப்புச் சாறு அந்த வாரம் வேண்டாம், வாந்தியில் ரத்தமா சாறா என்று தெரியாது. சர்க்கரை உள்ளவருக்குப் பழச்சாறு வேண்டாம், குளுக்கோமீட்டரில் காலை மாலை பாருங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பதை முன்பே மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.

இந்தப் பெரியவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி இவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். முதல் நாளே காட்டிவிடுங்கள்.

---

ரத்தப்பரிசோதனை_கோவை · செப்டம்பர் 29, காலை 6.48

அக்கா சொன்ன கசிவு ரிப்போர்ட்டில் எங்கே தெரியும் என்று சொல்கிறேன். எல்லோரும் தட்டணு வரிக்குத்தான் நேராகப் போகிறார்கள். அதற்குச் சில வரி மேலே பி.சி.வி. அல்லது ஹெமட்டோகிரிட் என்று இருக்கும். ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பது அதுதான். முதலில் 36 இருந்து 43-ஐத் தாண்டினால் 20 சதவீத ஏற்றம், கசிவு நடக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு வழக்கமாகவே 30 இருக்கலாம். அவருக்கு 36 ஆனால் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்றே அச்சாகும். உண்மையில் 20 சதவீதம் ஏறிவிட்டது. அதனால் காய்ச்சலின் முதல் மூன்று நாளுக்குள் ஒரு ரத்த எண்ணிக்கை எடுத்து வைத்தால்தான் பிறகு ஒப்பிடமுடியும். கடந்த ஆண்டில் எடுத்த பழைய ரிப்போர்ட் எல்லோருடையதையும் இப்போதே நோட்டில் சொருகிவையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து மருத்துவர் சொல்கிறபடி தினமும், ஒரே ஆய்வகத்தில்.

டெங்கு தானா என்று அறிய: முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 (வைரஸின் புரதத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனை). அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். (வைரஸுக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது). இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். எடுத்து "இல்லை" என்று வந்தால் அதற்குப் பொருளே இல்லை. என்.எஸ்.1 இல்லை என்று வந்தாலும், முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு அது தவற வாய்ப்புண்டு. டெங்குவில் நாலு வகை வைரஸ், இரண்டாம் முறை வேறு வகை வந்தால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். முன்பு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தட்டணு 40,000 என்று பார்த்ததும் தட்டணு தேடி ரத்த வங்கிக்கு ஓடவேண்டாம். ரத்தக்கசிவு இல்லாதபோது 10,000-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்றுவதில்லை.

---

மாடிவீடு_கொளத்தூர் · செப்டம்பர் 29, காலை 10.02

அக்கா, தெளிவாகப் புரிந்தது. வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் மற்றவர்களைத் தனியாக வைக்கவேண்டுமா?

---

புழுத்தேடி · செப்டம்பர் 29, பிற்பகல் 1.25

மனிதரிடமிருந்து மனிதருக்கு இருமலில் ஒட்டாது. தனித்தட்டும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். வலைதான் வேண்டும். காய்ச்சல் உள்ள முதல் ஒரு வாரம் நோயாளி பகலிலும் வலைக்குள் இருக்கவேண்டும். அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

கணக்கு இப்படி. கடித்த கொசுவின் உடலில் வைரஸ் பெருகி எச்சிலுக்கு வர 8 முதல் 12 நாள் ஆகும். அது அடுத்தவரைக் கடித்தால் அவருக்குக் காய்ச்சல் வர இன்னும் 4 முதல் 10 நாள். ஆக, முதல் ஆள் தேறி வேலைக்குப் போன பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்த காய்ச்சல் வரும். அதைப் புதுச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் காய்ச்சல் நாளிலிருந்து நாலு வாரத்துக்கு காலண்டரில் கோடு போடுங்கள். அதற்குள் வீட்டில் யாருக்குச் சுட்டாலும் டெங்கு என்றே எண்ணி நோட்டைத் திறக்கவேண்டும்.

அன்றைக்கே இரண்டு வேலை: வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கொசுவைக் கொல்வது (கட்டிலடி, திரைக்குப் பின்னால், குளியலறை மூலை), பக்கத்து நாலு வீட்டுக்கும் சொல்வது. இந்தக் கொசு பொதுவாக நூறு, இருநூறு மீட்டருக்குள்தான் சுற்றும். வெட்கப்பட்டு மறைத்தால் புழு எங்கே இருக்கிறது என்று தேட முடியாமல் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிவியுங்கள்.

---

குடிநீர்ப்பணி · செப்டம்பர் 29, இரவு 7.40

சம்பைத் திறக்கப்போகிறீர்கள் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதே மழையில் வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் வரும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள்.

உங்கள் சம்ப் 2 × 1.5 × 1.5 = 4.5 கன மீட்டர், 4500 லிட்டர். 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 4 கிராம், ஆக நிரம்பிய சம்புக்கு 18 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, மேலும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடிச் சுண்ணாம்பு சம்பில் போகக்கூடாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் மோட்டார். பிரித்துவைத்த பாக்கெட் வீரியம் இழக்கும். மூக்கில் சுருக்கென்று ஏறாத பவுடரை நம்பாதீர்கள்.

வெள்ளம் உள்ளே புகுந்துவிட்டால் இந்த அளவு போதாது. காலி செய்து, தேய்த்து, நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் போட்டு 12 மணி நேரம் விட்டு, முழுவதும் வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்பவேண்டும். அதுவரை குடிக்கக் கொதி வந்து ஒரு நிமிடம் கொதித்த தண்ணீர் மட்டும்.

சம்புக்குள் இறங்குபவர் தனியாக இறங்கக்கூடாது. மூடியைத் திறந்து காற்றோட விட்டு, மோட்டாரின் மெயினை அணைத்து, வெளியே ஒருவர் நின்றபிறகுதான். உள்ளே ஆள் இருக்கும்போது பிளீச்சிங்கைக் கையிலேயே எடுக்காதீர்கள். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு அது எங்கேயும் சேரக்கூடாது, வரும் வாயு நுரையீரலை எரித்துவிடும்.

---

மாடிவீடு_கொளத்தூர் · செப்டம்பர் 30, காலை 8.15

ஞாயிறு காலை ஏழு மணி என்று கிழமை குறித்தாயிற்று. கடைசியாக ஒன்று: தீபாவளிக்கு ஐந்தாறு நாள் ஊருக்குப் போவோம். வீடு பூட்டிக்கிடக்கும்.

---

குழாய்வேலை_மதுரை · செப்டம்பர் 30, காலை 8.52

கெளம்புற அன்னைக்கு இதெல்லாம் பண்ணிருங்க. பக்கெட், டிரம், குளியல் அண்டா எல்லாம் தேய்ச்சுக் கவுத்திருங்க. வெஸ்டர்ன் டாய்லெட்னா மூடியை எறக்கி, இடுக்கை டேப்பால ஒட்டுங்க. இந்தியன் டாய்லெட்டுல நிக்கிற தண்ணிய ஒண்ணும் பண்ண முடியாது, வாயைக் கனத்த பாலிதீன் போட்டு மூடி சுத்தி செங்கல் வைங்க. ஃப்ளஷ் டேங்க் மூடி சரியா உக்காந்திருக்கான்னு பாருங்க. தரையில இருக்குற தண்ணி போற ஜாலிக்கு வலைத்துண்டு. ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணிட்டுப் போனா தட்டுல உருகுற தண்ணி ரொம்பும், ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஆஃப் பண்ணி ஒத்தி எடுத்துட்டுப் போங்க. பூந்தொட்டித் தட்டுல மண்ணு ரொப்பிருங்க, தண்ணி நிக்காது, செடிக்கும் ஈரம் கெடைக்கும்.

திரும்பி வந்ததும் உள்ள போயி முதல்ல ஜன்னலைத் தொறந்து, டாய்லெட்டை ரெண்டு தடவ ஃப்ளஷ் பண்ணிட்டு, அப்புறம்தான் பிள்ளைய உள்ள விடணும்.